மண்ணும் மனையும்: கீரமங்கலத்தை முன்வைத்து ஒரு சிந்தனை

புதுக்கோட்டை மாவட்டம் ஆலங்குடி வட்டத்திலுள்ள கீரமங்கலம், பூவுக்கும் பலாவுக்கும் வெற்றிலைக்கும் தென்னைக்கும் பெயர் பெற்ற பேரூர். அவ்வூர்ப் பெயரைப் புலவர் நக்கீரரோடு இணைத்துப் பேசும் வழக்கு ஊர்மக்களிடையே உண்டு. அவ்வழக்கின் வரலாற்று வலிமை எவ்வாறாயினும், மனை பற்றிப் பேசப் புகும் நமக்கு அது நல்லதொரு தோற்றுவாயாக அமைகிறது. ஏனெனில் நக்கீரர் பாடிய நெடுநல்வாடை, கட்டடக்கலை குறித்த அரிய செய்திகளைத் தன்னகத்தே கொண்ட பாட்டாகும். நண்பகலில் நிழல் கொண்டு திசையறிந்து, நூல் பிடித்து அரண்மனைக்கு இடம் வகுத்ததை அப்பாட்டு கூறுகிறது. வேனிற்காலத்தில் தென்றலை உள்ளே கொணர்ந்த சாளரங்கள் கூதிர்காலத்தில் அடைத்துத் தாழிடப்பட்டதையும் அது கூறுகிறது. ஞாயிறும் காற்றும் பருவமும் அறிந்தே மனை எழுப்புதல் வேண்டும் என்னும் அறிவு தமிழர்க்குப் புதிதன்று என்பது இதனால் விளங்கும்.

இன்று அவ்வறிவு விந்தையானதொரு வழியில் நம்மிடம் திரும்பி வருகிறது. நகரத்து இரைச்சலில் களைத்தவர்கள் சில நாள் தங்கி, உடலும் உள்ளமும் தேறிச் செல்வதற்கான நலவாழ்வு இல்லங்கள் நாடெங்கும் எழுகின்றன. அவற்றிற் பல, மண்சுவர், ஓட்டுக் கூரை, சுண்ணாம்புப் பூச்சு, முற்றம், திண்ணை ஆகியவற்றையே தம் சிறப்பாகக் கூறிக்கொள்கின்றன. அதே வேளையில் சிற்றூரில் வாழ்வோர் மண்சுவரைத் தம் வறுமையின் அடையாளமாகக் கருதி இடித்துத் தள்ளுகின்றனர். செல்வர் விலை கொடுத்து நாடுவதை எளியோர் வெட்கத்தோடு கைவிடுவது ஏன்? கீரமங்கலத்துத் தென்னந்தோப்பு ஒன்றில் இத்தகைய இல்லம் ஒன்றை எழுப்புவதாகக் கொண்டு, இவ்வினாவை ஆராய்வோம்.

நலம் தரும் மனை எது?

நலவாழ்வு இல்லத்தின் முதற்கடமை மருந்தும் தைலமும் தருவதன்று. உள்ளே இருப்பவர் உடலை வருத்தாதிருத்தலே. நம் நாட்டு வெயிலில் வீட்டுக்குள் வெப்பம் புகும் பெருவாயில் கூரையே. மெல்லிய கான்கிரீட் தளம் பகலெல்லாம் வெயிலைக் குடித்து, இரவில் அவ்வெப்பத்தைக் கீழே உறங்குவோர் மீது கொட்டுகிறது. ஆதலின் மின்விசிறியும் குளிர்பதனப் பொறியும் தேவையாகின்றன. தடித்த மண்சுவரோ வெப்பத்தை மெல்லவே உட்கொள்கிறது. பகல் வெப்பம் உட்புறத்தை அடையுமுன் மாலை வந்துவிடுகிறது. மேலும் மண்ணும் சுண்ணாம்பும் காற்றிலுள்ள ஈரத்தை ஓரளவு வாங்கி, வறட்சி மிகும்போது திருப்பித் தரும் இயல்புடையன. மண்வீட்டின் குளிர்ச்சி என்று நம் பாட்டிமார் கூறியது கற்பனையன்று, இயற்பியல் உண்மையே.

எளிய மனைக்கும் உடல்நலத்துக்கும் உள்ள தொடர்பை இந்நாட்டில் செயலிற் காட்டியவர் காந்தியடிகள். 1936இல் வார்தாவுக்கு அருகே சேவாகிராமத்தில் அவர் குடியேறியபோது, தம் குடிலுக்கு ஐந்நூறு ரூபாய்க்கு மேற்படலாகாது என்றும், அவ்வூர்ப் பொருளும் அவ்வூர் உழைப்பும் கொண்டே அது எழுதல் வேண்டும் என்றும் விதித்தார். மண்ணும் மூங்கிலும் ஓடும் கொண்ட அக்குடில்கள் இன்றும் காக்கப்பட்டு வருகின்றன. 1946இல் புனே அருகே உருளிகாஞ்சனில் இயற்கை மருத்துவ நிலையம் ஒன்றையும் அவர் தொடங்கிவைத்தார்.

அவரால் ஈர்க்கப்பட்டு இந்நாட்டிலேயே தங்கிவிட்டவர், 1917இல் இங்கிலாந்தில் பிறந்த கட்டடக்கலைஞர் லாரி பேக்கர். சிற்றூர் வீடு ஐந்து மைல் சுற்றளவுக்குள் கிடைக்கும் பொருள்களைக் கொண்டே எழவேண்டும் என்ற காந்தியடிகளின் கருத்தே தம்மை வழிநடத்தியது என்று அவர் கூறுவதுண்டு. திருவனந்தபுரத்தில் அவர் கட்டிய வீடுகளும், வளர்ச்சி ஆய்வு மையத்தின் கட்டடங்களும் குறைந்த செலவில் அழகும் குளிர்ச்சியும் கூடும் என்பதற்குச் சான்றுகளாகும். செங்கல்லைப் பக்கவாட்டில் நிறுத்தி, சுவரின் நடுவே வெற்றிடம் விட்டு எழுப்பும் எலிப்பொறிக் கட்டு முறையை அவர் பரப்பினார். அதனால் செங்கல் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு மிச்சமாகும். இடையிலுள்ள காற்று வெப்பத்தையும் தடுக்கும். 2007இல் அவர் மறைந்தார். அவர் வகுத்த முறை வாழ்கிறது.

ஐந்து மைலுக்குள் என்ன உண்டு?

பேக்கர் போற்றிய அளவுகோலைக் கீரமங்கலத்தில் வைத்துப் பார்ப்போம். முதலாவது, காலடியிலுள்ள செம்மண். இரண்டாவது, ஆலங்குடிப் பகுதியில் காணப்படும் செம்புறாங்கல். வெட்டும்போது மென்மையாகவும், காற்றுப் படப்பட உறுதியாகவும் ஆகும் கல் இது. மலபாரில் இக்கல்லைக் கண்ட பிரான்சிஸ் புக்கானன், 1807இல் வெளிவந்த தம் நூலில் செங்கல்லைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து அதற்கு லேட்டரைட் என்று பெயரிட்டார். மூன்றாவது தென்னை: அதன் மரம், கீற்று, மட்டை, நார் அனைத்தும் பயன்படுவன. நான்காவது, வைரம் பாய்ந்த முதிர் பனை. ஐந்தாவது, களிமண்ணைக் குதிரையாகவும் குடமாகவும் ஆக்க வல்ல இம்மாவட்டத்து வேளாரின் கைத்திறம். ஓடும் தட்டோடும் அக்கைகளுக்குப் பெரிதல்ல.

சுண்ணாம்பையும் இவற்றோடு சேர்த்துக்கொள்ளலாம். சுண்ணாம்புக் கல்லைச் சுமார் 900 பாகை வெப்பத்தில் சுட்டு, நீரிட்டு நீற்றிச் சுவரில் பூசினால், அது காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்லமெல்ல உறிஞ்சி மீண்டும் கல்லாகிறது. சிமெண்டுக்கோ 1,450 பாகை அளவு வெப்பம் வேண்டும். உலகில் மனிதச் செயல்களால் வெளியாகும் கரியமில வாயுவில் ஏறத்தாழ நூற்றுக்கு ஏழு பங்கு சிமெண்டு உற்பத்தியால் வருவது என்பதை நோக்கின், சுண்ணாம்பை மறந்தது எத்தகைய இழப்பு என்பது புலனாகும். கடுக்காய் நீரும் வெல்லமும் முட்டை வெண்கருவும் சேர்த்து அரைத்துப் பூசிய நகரத்தார் வீட்டுச் சுவர்கள், நூறாண்டு கடந்தும் பளிங்கெனப் பளபளக்கின்றன. திருமயம் அருகே கடியாபட்டியிலுள்ள சிதம்பர விலாஸ் என்னும் மாளிகை இன்று விருந்தினர் தங்கும் இல்லமாக விளங்குகிறது. அதன் முற்றங்களும் உயர்ந்த கூரைகளும் பழைய அறிவு இன்றும் பயன்தரும் என்பதை நம் மாவட்டத்திலேயே காட்டி நிற்கின்றன.

இங்கு ஓர் எச்சரிக்கை தேவை. இயற்கைப் பொருள் என்பதும் உள்ளூர்ப் பொருள் என்பதும் ஒன்றல்ல. தொலைதூர மாநிலத்துக் கல்லையும், வெளிநாட்டு மரத்தையும் லாரியிலும் கப்பலிலும் கொணர்ந்து எழுப்பும் இல்லம், தோற்றத்தில் எளிமையும் செயலில் ஊதாரித்தனமும் உடையது. அவ்வாறே, உள்ளூர்ப் பொருள் என்னும் பெயரால் ஏரிக்கரையையும் செம்பாறை மேட்டையும் வரம்பின்றித் தோண்டுவதும் தகாது. எடுப்பதற்கும் ஓர் அளவு உண்டு.

மண் கல்லாகும் வகை

மண்சுவர் என்றவுடன் மழையில் கரையும் சுவரே நம் நினைவுக்கு வருகிறது. ஆனால் மண்ணைச் சுடாமலே கல்லாக்கும் முறை இன்று நன்கு வளர்ந்துள்ளது. சலித்த மண்ணோடு நூற்றுக்கு ஐந்து பங்கு அளவில் சிமெண்டு கலந்து, சிறிது ஈரமாக்கி, கையால் இயக்கும் அழுத்துபொறியில் இட்டு அழுத்தினால் திண்ணிய கட்டி கிடைக்கும். களி மிகுந்த மண்ணாயின் சிமெண்டுக்கு மாற்றாகச் சுண்ணாம்பு சேர்ப்பர். அக்கட்டிகளை நான்கு வாரம் ஈரம் காயாமல் காத்தால் சுவருக்கு ஆகும். சூளை இல்லை, விறகும் இல்லை. இத்தகைய கட்டிகளுக்கு இந்தியத் தர நிர்ணய அமைப்பு 1725 என்னும் எண்ணில் தரமும் வகுத்துள்ளது.

எல்லா மண்ணும் இதற்கு ஆகாது. சரளை 15, மணல் 50, வண்டல் 15, களி 20 என்ற விகிதத்துக்கு நெருங்கிய மண் சிறந்தது என்பர். இதனை அறிய ஆய்வுக்கூடம் ஓடவேண்டியதில்லை. கண்ணாடிப் புட்டியில் மூன்றில் ஒரு பங்கு மண்ணிட்டு, நீர் ஊற்றிக் குலுக்கி வைத்தால், மணல் உடனே அடியில் படியும். வண்டல் அதன்மேல் தங்கும். களி தெளிய மறுநாள் ஆகும். அடுக்குகளின் உயரமே மண்ணின் இயல்பைக் கூறிவிடும். மாணவர்கள் தத்தம் ஊர் மண்ணை இவ்வாறு சோதித்துப் பார்க்கலாம். மேல்மண் உழவுக்கு உரியது. அதனைத் தனியே எடுத்து வைத்துவிட்டு, அடிமண்ணையே கட்டடத்துக்குக் கொள்ளவேண்டும். தோண்டிய பள்ளம் மழைநீர்க் குளமாகும்.

விழுப்புரம் மாவட்டத்து ஆரோவில்லில் 1989இல் தொடங்கிய மண் கட்டடக்கலை நிறுவனம் இம்முறையில் உலகெங்குமுள்ளோர்க்குப் பயிற்சி அளித்து வருகிறது. அழுத்திய மண்கட்டிகளால் அங்கு எழுந்த வருகையாளர் மையம், 1992இல் எளியோருக்கான கட்டடக்கலைக்குரிய ஹசன் பாத்தி விருதினைப் பெற்றது. அவ்விருதின் பெயருக்குரியவர் யார் என்பதைப் பின்னர்க் காண்போம்.

காற்றும் மழையும் தீயும்

மண்ணின் புகழை மட்டும் பாடிச் செல்வது நேர்மையாகாது. 2018 நவம்பர் 16ஆம் நாள் அதிகாலையில் வேதாரண்யம் அருகே கரை கடந்த கஜா புயல், கீரமங்கலம், வடகாடு, கொத்தமங்கலம் பகுதித் தோப்புகளைச் சாய்த்ததை நாம் மறக்கவியலாது. பிள்ளைகள் போல் வளர்த்த தென்னைகள் ஒரே இரவில் வேரோடு வீழ்ந்தன. கீற்றுக் கூரைகள் பறந்தன, ஓடுகள் சிதறின. தளம் போட்ட வீடே தஞ்சம் என்று அன்று மக்கள் கண்டனர். அப்பட்டறிவை எந்த அறிஞரும் ஏளனம் செய்தல் கூடாது. கூரைவீட்டில் தீப்பற்றி அனைத்தையும் இழந்த குடும்பங்கள் ஒவ்வொரு சிற்றூரிலும் உண்டு. மண்தரையை ஓயாது மெழுகியவை பெண்களின் கைகளே என்பதையும் நினைவிற் கொள்ளவேண்டும். பழைமையைப் போற்றுவோர் அப்பழைமையின் சுமையை யார் சுமந்தனர் என்று கேட்டுப் பார்த்தல் கடன்.

ஆயினும் காற்றில் தோற்பவை பெரும்பாலும் பொருள்களல்ல, இணைப்புகளே. கூரை சுவரோடும், சுவர் அடித்தளத்தோடும் பிணைக்கப்படாதபோதே காற்று கூரையைத் தூக்குகிறது. ஆதலின் நாம் எண்ணும் இல்லத்தில் சில விதிகள் கடைப்பிடிக்கப்படுதல் வேண்டும்.

கடைக்கால் செம்புறாங்கல்லால் அமைந்து, மழைநீர் தெறிக்காத உயரத்துக்கு மேடை எழவேண்டும். ஈரமும் கறையானும் ஏறாதவாறு மேடைக்கும் சுவருக்கும் இடையே தடுப்புப் பூச்சு வேண்டும். சுவரின் தலைமீது சுற்றிலும் ஓர் இறுகிய வளையமாகக் கம்பியிட்ட கான்கிரீட் பட்டை அமைதல் வேண்டும். கூரைச் சட்டங்கள் அப்பட்டையோடும், அது அடித்தளத்தோடும் இரும்புக் கம்பியால் பிணைக்கப்படுதல் வேண்டும். கூரை நாற்புறமும் சாய்ந்திருப்பின் காற்று வழுக்கிச் செல்லும். இருபுறச் சாய்வில் முக்கோணச் சுவர் காற்றைத் தடுத்து விழ நேரும். மண்சுவருக்கு அகன்ற இறவாணம் தேவை. ஆனால் அகன்ற இறவாணத்தைப் புயற்காற்று பற்றித் தூக்கும். இதற்குத் தீர்வு, தாழ்வாரத்தின் கூரையைப் பெரிய கூரையினின்று பிரித்து அமைப்பதே. தாழ்வாரம் போனாலும் வீடு நிற்கும். இவற்றோடு, புயல் நாளில் அனைவரும் ஒதுங்குவதற்கு வலிய தளமிட்ட ஓர் அறையேனும் இருத்தல் வேண்டும். அத்தளத்திலும் கீழ்ப்புறம் ஓடு பதித்து வார்க்கும் பேக்கர் முறையைக் கொண்டால் கான்கிரீட் குறையும்; வெப்பமும் தணியும்.

சிமெண்டும் இரும்பும் அறவே கூடாது என்பது நம் கருத்தன்று என்பது இதனால் விளங்கும். உப்பைப் போல் வேண்டிய இடத்தில் வேண்டிய அளவு சேர்த்தலே அறிவுடைமை.

தென்னை தரும் கூரை

கஜா வீழ்த்திய மரங்கள் பல அடிமாட்டு விலைக்குப் போயின. முதிர்ந்த தென்னையின் வெளிப்பகுதி, குறிப்பாக அடிமரத்தில், கட்டுமானத்துக்கு ஏற்ற திண்மை உடையது. நடுப்பகுதியோ மென்மையானது, சுமை தாங்காது. இப்பகுப்பறிந்து அறுத்து, நன்கு உலர்த்தி, போராக்ஸ், போரிக் அமிலக் கரைசலில் ஊறவைத்தால், மழைபடாத கூரைச் சட்டமாக அது பயன்படும். மண்ணில் நேரே ஊன்றுவதற்கு மட்டும் அது ஆகாது. பிலிப்பைன்ஸ் நாட்டினர் முதிர்ந்து காய்ப்பு நின்ற தென்னைகளை இவ்வாறு மரமாக்கும் முறைகளை ஆய்ந்து பயன்படுத்தி வருகின்றனர். அடுத்த புயல் வருமுன் நம் பகுதி மரவாடிகளும் இதனை அறிந்திருப்பின், வீழ்ந்த தோப்பு வெறும் விறகாகாது. உழவருக்குச் சிறிதேனும் ஈடு கிடைக்கும்.

கீற்றினைத் தங்கும் அறைகளின் மீது இடாமல், தீ நெருங்காத திறந்தவெளிப் பந்தல்களுக்கு மட்டும் கொள்ளலாம். தரைக்குத் தட்டோடோ, சூளையில் வேகாமலே உருவாகும் ஆத்தங்குடிக் கல்லோ போதும். மெழுகும் சுமை யாருக்கும் இல்லை. குளியலறை நீர் வாழைக்கும் கல்வாழைக்கும் பாயட்டும். தோப்பு மரங்களை வெட்டி இடம் செய்யாமல், மரங்களுக்கு இடையே கட்டடம் ஒதுங்கி நிற்கட்டும். தோப்பின் நிழலே அவ்வில்லத்தின் முதற்கூரை.

மண்சுவரின் மானம்

இனி, தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு வருவோம். எகிப்து நாட்டுக் கட்டடக்கலைஞர் ஹசன் பாத்தி (1900–1989), லக்சர் நகரருகே புதிய குர்னா என்னும் சிற்றூரை 1946இல் கட்டத் தொடங்கினார். வெயிலில் உலர்ந்த மண்கற்களைக் கொண்டு, சாரமே இன்றி வளைகூரை எழுப்பும் நூபியக் கொத்தர்களின் பழந்திறத்தை அவர் மீட்டெடுத்தார். பள்ளிவாசலும் அங்காடியும் பள்ளிக்கூடமும் மண்ணாலேயே அழகுற எழுந்தன. ஆனால் பழைய குர்னா மக்கள் தம் வாழ்விடத்தையும் பிழைப்பையும் விட்டு அங்கே குடிபெயர மறுத்தனர். பணி பாதியிலேயே நின்றது. உலகு போற்றும் கட்டடக்கலை, உரியவர் உள்ளத்தை வெல்லவில்லை. மக்களுக்காகக் கட்டுவது வேறு, மக்களோடு கட்டுவது வேறு என்னும் பாடத்தைக் குர்னா நமக்குக் கற்பிக்கிறது.

இதற்கு மறுதலையாக, மாலி நாட்டு ஜென்னே நகரின் பெரிய பள்ளிவாசலைக் காண்க. 1907இல் இன்றைய வடிவில் எழுந்த அம்மண் கட்டடத்துக்கு, ஊர்மக்கள் ஒன்றுகூடி ஆண்டுதோறும் திருவிழாவெனச் சேறு பூசுகின்றனர். சிறுவர் சேறு மிதிப்பர். இளைஞர் சுவரேறிப் பூசுவர். முதிய கொத்தர்கள் வழிநடத்துவர். யெமன் நாட்டு ஷிபாம் நகரில் மண்கல்லால் எழுந்த பல மாடி வீடுகள் நூற்றாண்டுகளைக் கடந்து நிற்கின்றன. அங்கெல்லாம் மண் வறுமையன்று, மரபு. காரணம், அதனைப் பேணும் அறிவும் கூட்டுழைப்பும் மக்களிடமே உள்ளன.

நம் நிலை என்ன? குடிசையில்லாத் தமிழகத்தை நோக்கி, 2030ஆம் ஆண்டுக்குள் எட்டு இலட்சம் வீடுகள் கட்டும் கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தைத் தமிழக அரசு 2024இல் அறிவித்தது. ஒழுகும் கூரையின்கீழ் வாழ்ந்தோர் உறுதியான வீடு பெறுவது வரவேற்கத்தக்கது. ஆனால் குடிசையை ஒழிப்பது என்பது மண்ணை ஒழிப்பதாக ஆகிவிடலாகாது. கீரமங்கலத்துக்கு அண்மையிலுள்ள நெடுவாசலில் 2017இல் எரிவாயுத் திட்டத்துக்கு எதிராக மக்கள் திரண்டு தம் மண்ணைக் காக்கப் போராடினர். மண்ணுக்காக வீதிக்கு வந்தவர்கள், அம்மண்ணால் ஆன வீட்டில் வாழ மட்டும் நாணுவானேன்? நாம் மண்ணை மதிக்கத் தவறவில்லை. நன்கு கட்டப்பட்ட மண்வீட்டைக் காணத் தவறினோம் என்பதே விடை.

ஆதலால், கீரமங்கலத்தில் ஒரு நலவாழ்வு இல்லம் எழுமாயின், அது விருந்தினருக்கு மட்டும் இல்லமாகவும், உள்ளூர்க் கொத்தருக்கும் தச்சருக்கும் வேளாருக்கும் பயிற்சிக்கூடமாகவும் அமைதல் வேண்டும். அங்கே கற்ற கொத்தர் அடுத்த தெருவில் ஓர் ஏழையின் வீட்டைக் குளிர்ச்சியாகவும் உறுதியாகவும் கட்ட வல்லவராதல் வேண்டும். அவ்வாறு ஆகாவிடின், அது ஊரின் மண்ணை எடுத்து ஊருக்கு எட்டாத விலையில் விற்கும் மற்றுமொரு வாணிபமே.

நம் பங்கு

இதில் தமிழ்த்துறைக்கு என்ன வேலை என்று கேட்பார் உளராயின், அவர்க்கு ஒன்று கூறுவோம். கைம்மரம், வரிச்சல், இறவாணம், உத்தரம், மச்சு, தாழ்வாரம், கடைக்கால் என இவை ஒவ்வொன்றும் ஒரு தொழிலறிவைத் தாங்கிய சொல். வீடு மாறினால் சொல் வழக்கொழியும்; சொல் வழக்கொழிந்தால் அதனுள் இருந்த அறிவும் மறையும். நெடுநல்வாடையைப் பாடமாகப் படிக்கும் மாணவர்கள், விடுமுறை நாள்களில் தத்தம் ஊரிலுள்ள முதிய கொத்தரையும் தச்சரையும் அணுகி, அவர்கள் வாய்மொழியைப் பதிவு செய்தல் வேண்டும். மண் குழைத்த பக்குவம், சுண்ணாம்பு அரைத்த நாள்கணக்கு, கூரை சாய்த்த அளவு ஆகியவற்றை அவர்கள் மட்டுமே கூறவல்லர். நம் சமுதாயப் பெரியோர்கள் பள்ளிக்கூடமோ படிப்பகமோ விருந்தினர் விடுதியோ எழுப்ப முனையும்போது, ஒரு கட்டடத்தையேனும் இம்முறையில் எழுப்பிப் பார்க்கலாம். ஆயிரம் கட்டுரைகள் செய்யாததை, வெயில் நாளில் உள்ளே குளிர்ந்திருக்கும் ஒரு சுவர் செய்யும்.

திசையறிந்து, காற்றறிந்து, பருவமறிந்து மனை வகுத்த மரபினர் நாம். அவ்வறிவை விருந்தினர் விடுதியில் மட்டும் காட்சிக்கு வைக்காமல், நம் வீட்டு வாசலுக்கும் கொண்டுவருதல் நம் தலைமுறையின் கடமை என்பது எம் துணிபு.